காலை இழுக்காதீர்கள்: கார்டில் இருக்கும்போது கால் பூட்டுகளைத் தடுக்கும் முழுமையான வழிகாட்டி

கபடி ஆடிப் பழகிய கால்கள்தாம், தரையில் பிடித்துப் பூட்டும் கலையான ஜியு-ஜிட்சுவின் மேட்டில் (பயிற்சி விரிப்பில்) முதலில் மாட்டுகின்றன. கபடியில் கணுக்காலைப் பிடித்துவிட்டால், பாடிப் போனவர் உயிரைக் கொடுத்து உதறி இழுத்து நடுக்கோட்டைத் தொடப் பார்ப்பார். அங்கே அதுதான் சரி. இங்கே எதிராளி உங்கள் காலைக் கையால் மட்டும் பிடிப்பதில்லை. இரண்டு தொடைக்கும் இடையில் இடுக்கி, அக்குளில் அடக்கி வைத்திருக்கிறார். நீங்கள் இழுக்க இழுக்க உங்கள் குதிகால்தான் அவர் முழங்கை மடிப்பில் போய்ச் சரியாக உட்காருகிறது. கால் பூட்டு, அதாவது கால் மூட்டை வளைத்தோ திருகியோ உங்களை அடங்க வைக்கும் பிடி, போடும் வேலையில் பாதியை நீங்களே செய்து கொடுக்கிறீர்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை கூடி ஆடும் சிறு குழுக்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஈப்போ வரை போய்க் கற்றுக்கொண்டு வந்த ஒருவர் சொல்லித் தருவார். மற்றவர்கள் யூடியூப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கலவையில் காலுக்குத்தான் ஆபத்து அதிகம். கார்ட் (கீழே இருந்துகொண்டு கால்களால் எதிராளியைத் தடுத்து வைக்கும் நிலை) என்றால் என்ன, இடுப்பை நகர்த்துவது எப்படி என்று தெரிந்த, குறைந்தது மூன்று மாதம் ஆடியவர்களுக்கானது. அதற்கும் புதியவர்கள் 1, 2, 3 ஆகிய பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. மேட்டில் இறங்கும் முன்

மேட்டைப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் 2 சென்டிமீட்டர் கோர்ப்பு மேட் போதாது. 4 சென்டிமீட்டராவது வேண்டும். தடிமனைவிட முக்கியமானது பொருத்து. இரண்டு துண்டுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், உடம்பு திரும்பும்போது பாதம் அங்கே மாட்டி நின்றுவிடும். பூட்டே இல்லாமல் முட்டி திருகிக்கொள்ளும். ஆட்டத்துக்கு முன் ஓரங்களைத் தட்டி இறுக்குங்கள்.

வியர்வையைத் துடையுங்கள். மழை பெய்த மாலையில் மண்டபம் புழுங்கும், கால் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். வழுக்கினால் பூட்டிலிருந்து கால் எளிதாக நழுவும். நன்றாகத் தப்பிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அடுத்த வாரம் காய்ந்த காலோடு, நீளக் கால்சட்டை போட்டவரோடு ஆடும்போது அப்படித் தப்பிக்க முடியாது. சுற்றுக்கு ஒரு முறை துண்டால் கால்களைத் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

கால் நகத்தை வெட்டுங்கள். முட்டி உறையை நம்பாதீர்கள். அது சூடாக வைத்திருக்கும், திருகலைத் தடுக்காது. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு செம்பனைக் குலை தள்ளிவிட்டு வருகிறவர்களின் தொடை ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அன்றைக்கு வேகமான ஆட்டம் வேண்டாம்.

கடைசியாக, பேசிக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவரிடம் "மெதுவாக" என்று சொல்லத் தயங்கியே இளையவர்கள் முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கை கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்: "அண்ணே, இன்னிக்கு ஆங்கிள் மட்டும், குதிகால் வேணாம்." (ஆங்கிள் என்பது கணுக்காலை நீட்டிப் போடும் ஆங்கிள் லாக்; குதிகால் என்பது குதிகாலைத் திருகும் ஹீல் ஹுக்.) எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2. டேப் செய்யும் முறை

டேப் என்றால் "தோற்றேன், விடு" என்று தட்டிச் சொல்வது. கழுத்து நெரிபடும்போது எதிராளியின் தோளைத் தட்டினால் போதும். கால் பூட்டில் அவர் உடம்பு உங்கள் கைக்கு எட்டாது, அவர் தலையும் எதிர்ப்பக்கம் இருக்கும். நீங்கள் மேட்டைத் தட்டுவது பக்கத்தில் ஆடும் ஜோடியின் சத்தத்தில் கரைந்துவிடும். அதனால் வாயால் "டேப்" என்று உரக்கச் சொல்லுங்கள். கை எட்டினால் தட்டவும் செய்யுங்கள்.

எப்போது சொல்வது? ஆங்கிள் லாக்கில் கணுக்கால் வலி எச்சரிக்கும். ஹீல் ஹுக் அப்படியல்ல. குதிகாலைத் திருகும் விசை முட்டிக்குள் இருக்கும் ஜவ்வில்தான் போய் இறங்குகிறது. வலி தெரியும்போது பெரும்பாலும் ஜவ்வு கிழிந்திருக்கும். ஆகவே வலிக்காகக் காத்திருக்காதீர்கள். குதிகால் அவர் முழங்கை மடிப்பில், அவர் இரு கைகளும் கோர்த்தாயிற்று, உங்கள் முட்டி அவர் தொடைகளுக்குள்ளே இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் டேப்.

போட்டி விதியும் இதையொட்டித்தான் இருக்கிறது. ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி வயது வந்த வெள்ளை பெல்ட்காரருக்கு நேர் ஆங்கிள் லாக் மட்டும்தான். நீபாரும் (முட்டிப் பூட்டு) டோ ஹோல்டும் (பாதத்தை விரல் பக்கம் பிடித்து முறுக்கும் பூட்டு) பழுப்பு பெல்ட்டிலிருந்து. ஹீல் ஹுக் 2021 முதல், கி (ஜியு-ஜிட்சு சீருடை) இல்லாத ஆட்டத்தில், வயது வந்த பழுப்பு, கறுப்பு பெல்ட்காரர்களுக்கு மட்டும். அப்படியானால் வெள்ளை பெல்ட்காரர் ஏன் ஹீல் ஹுக் தடுப்பைக் கற்க வேண்டும்? மண்டபத்தில் நடுவர் இல்லை; யூடியூப் இருக்கிறது.

3. பாதத்தை எங்கே வைப்பது

கால் பூட்டுகளில் பெரும்பாலானவை கீழே இருப்பவரின் சோம்பேறிப் பாதத்திலிருந்து தொடங்குகின்றன. எதிராளியின் இடுப்பில் பாதத்தைச் சும்மா சாய்த்து வைத்திருப்பார்கள். குதிகால் காற்றில் தொங்கும், முட்டி நேராக நீண்டிருக்கும். அவர் ஒரு முழங்கையை இறக்கினால் போதும், கால் அவருடையது.

இடுப்பில் பாதம் வைத்தால் முன்பாதத்தால் கவ்வுங்கள், முட்டியைச் சற்று மடக்கியே வையுங்கள். மடங்கிய காலுக்குத்தான் தள்ளவும் திரும்பி வரவும் இடமிருக்கும்.

காலுக்குக் கை துணை இருக்க வேண்டும். உங்கள் வலது பாதம் அவர் இடுப்பில் இருந்தால், அந்தப் பக்கத்து அவருடைய மணிக்கட்டோ கைச்சட்டையோ உங்கள் பிடியில் இருக்கட்டும். கணுக்காலைச் சுற்ற அந்தக் கைதானே வரவேண்டும். துணையில்லாத கால் தனியாக மேயப் போன கன்று மாதிரி.

பாதம் அவர் விலாவைத் தாண்டி அக்குள் பக்கம் போய்விட்டால் உடனே திருப்பி எடுங்கள். மூடிய கார்டை (உங்கள் கால்களை அவர் இடுப்பைச் சுற்றிக் கோர்த்த நிலையை) அவர் நின்று பலத்தால் பிரிக்கத் தொடங்கினால், அவர் பிரிக்கும் முன் நீங்களே திறந்து பாதங்களை இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். அவராகப் பிரித்தால் உங்கள் கால்கள் விழும் இடம் அவருடைய அக்குள்தான்.

வரப்போகும் பூட்டுக்கு ஓர் அறிகுறி உண்டு. அவர் ஒரு முழங்கையை உங்கள் கெண்டைக்கால்மேல் இறக்குவார். அதே நேரம் ஒரு காலை உங்கள் இரு கால்களுக்கு நடுவே, புட்டத்துக்கு அருகில் ஊன்றுவார். அடுத்து உட்காரப் போகிறார். முழங்கை இன்னும் மூடாத அந்த ஒரு கணத்தில் மட்டும் காலை இழுக்கலாம்: முட்டியை உங்கள் நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். முழங்கை மூடிவிட்டால் இழுப்பதை மறந்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

4. மாட்டிய முதல் மூன்று விநாடி

முதலில் எழுந்து உட்காருங்கள். புதியவர்கள் எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு: பயந்து மல்லாந்து படுத்து, காலை மட்டும் உதறுவார்கள். படுத்தால் உங்கள் கை அவர் கைக்கு எட்டாது. காலைக் காப்பது பெரும்பாலும் கைதான்.

உட்கார்ந்ததும் ஒரு பிடி. கி போட்டிருந்தால் அவர் காலரோ கைச்சட்டையோ. இல்லையென்றால் பின்கழுத்தோ மணிக்கட்டோ. எந்தக் கால் பூட்டுக்கும் அவர் பின்னால் சாய்ந்து உடம்பை நீட்ட வேண்டும். தலையை உங்கள் பக்கம் இழுத்து வைத்தால் நீட்ட முடியாது.

மற்றொரு காலை மறக்காதீர்கள். அது அவர் கைக்குப் போய்விட்டால் உங்களிடம் தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. பாதத்தை அவர் புட்டத்திலோ உள்தொடையிலோ ஊன்றி வையுங்கள், அல்லது தரையில் அழுத்தி எழத் தயாராக இருங்கள்.

இனி எந்தத் திசையில் நகர்வது? இங்கேதான் குழப்பம் அதிகம். அவர் மல்லாந்துவிட்டால் நீங்கள் எழுந்து அவர்மேல் வாருங்கள். அவர் இன்னும் உட்கார்ந்திருந்தால் நீங்கள் புட்டத்தை நகர்த்திப் பின்வாங்குங்கள். மல்லாந்தவரிடமிருந்து பின்வாங்குவது அவர் கேட்ட இழுப்பைக் கொடுப்பது. உட்கார்ந்திருப்பவர்மேல் ஏறினால் அவரே உங்களைத் தூக்கிப் புரட்டிவிடுவார்.

5. முட்டிக்கோடு

அவருடைய இரண்டு முட்டிகளையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டி அந்தக் கோட்டைத் தாண்டி அவர் பக்கம் இருந்தால் உங்கள் தொடை அவர் பிடியில். குதிகாலைத் திருகினால் முட்டிக்குத் தப்ப இடமில்லை. முட்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால், பாதம் அவரிடம் இருந்தாலும் முட்டி காலோடு சேர்ந்து சுழல முடியும். கணுக்கால் வலிக்கலாம்; முட்டி பெரும்பாலும் பிழைக்கும்.

ஆகவே பாதத்தை விடுவிப்பது கடைசி வேலை. முதலில் முட்டி. குதிகால் பிடிபடாதவரை இந்த வரிசையை மாற்றாதீர்கள். (குதிகால் பிடிபட்டுவிட்டால் கைச்சண்டை முந்திவிடும்; அதை 7-இல் பார்ப்போம்.)

செய்வது இப்படி: ஒரு கையால் அவருடைய மேல்முட்டியைத் தரைப்பக்கம் அழுத்துங்கள். இன்னொரு கையைப் பின்னால் ஊன்றுங்கள். வெளியே இருக்கும் காலால் அவர் புட்டத்தைத் தள்ளிக்கொண்டே உங்கள் புட்டத்தைப் பின்னால் நகர்த்துங்கள். ஒரே இழுப்பில் வராது. நான்கு விரற்கடை, மறுபடி நான்கு விரற்கடை. கால் விலகுவது இடுப்பு நகர்வதால். கால் தசையை இறுக்கி இழுப்பதால் அல்ல. முட்டி வெளியே வந்ததும் அதை வெளிப்பக்கம் விரித்து, அவர் தொடை மறுபடி மேலேறாமல் தடுங்கள். முட்டி வந்த சந்தோஷத்தில் உடனே பாதத்தை உதறுகிறவர்கள்தான் அதிகம். அந்த உதறலில் முட்டி மறுபடி உள்ளே போய்விடும்.

6. நேர் ஆங்கிள் லாக்: ரப்பர் பூட்ஸ்

அவர் முன்கை எலும்பு உங்கள் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பில் (தசைநாணில்) அழுத்தும், உங்கள் பாதத்தின் மேற்பகுதி அவர் அக்குளில் மடங்கும். அவருடைய வெளிக்காலின் பாதம் உங்கள் இடுப்பு மடிப்பில் ஊன்றியிருக்கும். நீங்கள் அவர்மேல் வராமல் தடுப்பது அந்தப் பாதம்தான்.

தோட்டத்துக் கறுப்பு ரப்பர் பூட்ஸை எப்படி மாட்டுவீர்கள்? விரல்களை மேலே தூக்கி, குதிகாலால் ஓங்கி உள்ளே மிதிப்பீர்கள். அதே அசைவுதான். விரல்களை உங்கள் தாடைப் பக்கம் மடக்கி, பாதத்தை அவர் அக்குளுக்குள் ஆழமாகத் தள்ளுங்கள். அவர் முன்கை நரம்பை விட்டு மேலேறிக் கெண்டைச் சதையில் போய் நிற்கும். சதையில் அழுத்தினால் வலிக்கும், பூட்டாகாது. இதற்கு எதிராக விரல்களைக் கூர்மையாக நீட்டினால் நரம்பை நீங்களே அவர் எலும்பில் வைத்ததாகும்.

பூட்ஸ் மாட்டுவது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்திருந்தால் அவர் பிடியைக் கீழே இறக்கி மறுபடி போடுவார். வாங்கிய நேரத்தில் இடுப்பில் இருக்கும் பாதத்தை எடுங்கள்: அதே பக்கத்துக் கையால் அவர் குதிகாலைப் பிடித்து, நடுப்பக்கமாகத் தள்ளி, உங்கள் இரு கால்களுக்கு இடையே விழச் செய்யுங்கள். தடை போனதும் மற்றக் காலில் எழுந்து, மாட்டிய காலின் முட்டியை மடக்கி, எடை முழுவதையும் அவர்மேல் போடுங்கள். அவர் முதுகு தரையில் ஒட்டிவிட்டால் நீட்ட முடியாது.

வயிறு தரையில் படும்படி அவருக்கு எதிர்ப்பக்கம் திரும்பி ஓடப் பார்க்காதீர்கள். அவரும் உங்களோடு குப்புறத் திரும்புவார். குப்புறப் போட்ட ஆங்கிள் லாக்கில் அவர் இடுப்பு பலம் முழுக்க உங்கள் கணுக்காலில் இறங்கும்.

7. ஹீல் ஹுக்: குதிகாலை மறைத்தல்

முந்தைய பகுதியில் சொன்ன பூட்ஸ் இங்கே ஆபத்து. விரல்களை மேலே மடக்கினால் குதிகால் புடைத்துக்கொண்டு நிற்கும், கொக்கி மாட்ட நல்ல கைப்பிடி. அதனால் முதலில் எந்தப் பூட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் கை காலுக்கு அடியில் போய் எலும்பு நரம்பைத் தொட்டால் ஆங்கிள் லாக். உங்கள் விரல்கள் அவர் அக்குளில் அடங்கி, முழங்கை மடிப்பு குதிகாலைப் பக்கவாட்டில் தேடினால் ஹீல் ஹுக். ஒரு வாரம் வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பழகினாலும் வீண் இல்லை.

ஹீல் ஹுக் என்றால் விரல்களை நீட்டுங்கள், பாதத்தைத் தளர்த்துங்கள். குதிகால் அவர் உடம்பைப் பார்க்கட்டும். வெளிக்காற்றைப் பார்க்கக் கூடாது. பாதத்தை மட்டும் திருப்பினால் போதாது. முட்டியும் சேர்ந்து திரும்பினால்தான் குதிகால் உண்மையில் மறையும்.

அதே நேரத்தில் கைகள். உங்கள் இரு கைகளும் சேர்ந்து அவருடைய ஒரே ஒரு மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், அவர் விரல்கள் கோர்க்கும் முன்பே. ஒன்றுக்கு ஒன்று போட்டால் பலசாலி ஜெயிப்பார்; இரண்டுக்கு ஒன்று போட்டால் நோஞ்சானும் சமாளிக்கலாம். பிடித்த மணிக்கட்டை உங்கள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, 5-இல் சொன்ன முட்டி வேலையைத் தொடங்குங்கள். கையை விட்டுவிட்டு முட்டி வேலை பார்க்காதீர்கள்.

கைகள் கோர்த்துவிட்டால்? ஈரத் துணியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை அசையாமல் நின்றால்தான் துணி முறுகும். இரண்டு முனையும் ஒரே பக்கம் சுற்றினால் முறுகாது. குதிகால் எந்தப் பக்கம் திருகப்படுகிறதோ அந்தப் பக்கமே உடம்பு முழுவதும் உருண்டால் முட்டி பிழைக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் எது என்பது உள் ஹீல் ஹுக், வெளி ஹீல் ஹுக் இரண்டுக்கும் மாறும். பயத்தில் அரை விநாடியில் தவறாகத் தேர்ந்தெடுத்தால், அவர் திருகியதோடு உங்கள் எடையும் சேர்ந்து ஜவ்வில் இறங்கும். மண்டபத்தில் பயிற்சியின்போது உருளாதீர்கள், டேப் சொல்லுங்கள். உருளுவதைத் தேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, மெதுவாக, தனிப் பாடமாகக் கற்றுத் தர வேண்டும்.

அவர் உங்கள் இரு கால்களையும் தன் கால்களுக்குள் பின்னிவிட்டால் வரிசை: கைப்பிடி, பிறகு குதிகால் பிடிபடாத காலை வெளியே எடுப்பது, பிறகு முட்டி. அந்தக் கால் வெளியே வராமல் தள்ள முடியாது, தள்ளாமல் முட்டி வராது.

8. நீபார், டோ ஹோல்ட்

நீபார் என்பது முட்டியை நேராக்கி எதிர்ப்பக்கம் மடக்குவது. மடங்கிய காலில் நீபார் விழாது. முட்டியை மடக்கி, மாட்டிய காலின் பாதத்தை மற்றக் காலின் முட்டி மடிப்புக்குள் ஒளித்துக் கோர்த்துக்கொண்டு, அவர் புட்டத்தைக் கையால் தள்ளுங்கள்.

டோ ஹோல்டில் அவர் ஒரு கையால் உங்கள் சுண்டுவிரல் பக்கத்தைப் பிடித்து, மற்றக் கையைக் கணுக்காலுக்கு அடியில் விட்டுத் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொள்வார். அவர் மடக்கத் தொடங்கும் முன் காலை நேராக உதைத்து நீட்டுங்கள், பிடி விரிந்துவிடும். நீட்ட முடியாமல் போனால், விரல்களைப் பிடித்த கையின் மணிக்கட்டைத் தாக்குங்கள். அதுவும் தாமதமானால் டேப்.

9. பழகும் வரிசை

முதல் இரண்டு வாரம் பூட்டே கிடையாது. ஒருவர் காலைச் சுற்றிக்கொண்டு உட்காருவார், மற்றவர் எழுந்து உட்கார்ந்து, பிடி போட்டு, முட்டியை வெளியே எடுப்பார். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, பிறகு மறுகால். வலது காலில் மட்டும் பழகினால் எதிராளி இடது காலைத்தான் கேட்பார்.

அடுத்த இரண்டு வாரம் ஆங்கிள் லாக், இரண்டு நிமிடச் சுற்றுகள். பூட்டுப் போடுபவர் பிடி சேர்ந்ததும் மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். தடுப்பவர் அந்த மூன்று விநாடியில் தப்பலாம் அல்லது டேப் சொல்லலாம். இந்த விதியை மீறுபவரோடு காலாட்டம் வேண்டாம், அவர் எவ்வளவு நல்ல தம்பியாக இருந்தாலும்.

அதற்குப் பிறகுதான் ஹீல் ஹுக், அதுவும் கை கோர்ப்பதோடு நிறுத்தும் ஆட்டமாக. கோர்த்தால் ஒரு புள்ளி, மறுபடி தொடக்கம். யாரும் திருகுவதில்லை.

இந்த நாட்களில் ஓர் ஆசை வரும்: உங்கள் கால் மாட்டியிருக்கும்போதே அவர் காலை நீங்கள் பூட்டப் பார்ப்பது. இருவரில் யாருக்கு முந்தி முடியும் என்ற பந்தயமாகிவிடும். தோற்பவர் டேப் சொல்லவும் மறந்துவிடுவார். உங்கள் கால் வெளியே வந்த பிறகு தாக்குங்கள்.

10. முட்டியில் சத்தம் கேட்டால்

ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். "நடந்து பார், சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள்.

அன்றிரவே உருவிவிட ஆள் தேடிப் போவது நம் ஊர் வழக்கம். புதுக் காயத்தில் முதல் 72 மணி நேரம் உருவுதல், எண்ணெய் போட்டு அமுக்குதல், சூட்டு ஒத்தடம் எதுவும் வேண்டாம்; உள்ளே இரத்தக்கசிவும் வீக்கமும் கூடும்.

காலை ஊன்ற முடியவில்லை, முட்டி பூட்டிக்கொண்டு நீளவில்லை, அல்லது சில மணி நேரத்தில் நன்றாக வீங்கிவிட்டது என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். மெதுவாக நடக்கும்போது முட்டி திடீரென்று தளர்ந்து மடங்கினாலும் அப்படியே. ஜவ்வு போனதற்கு அது ஓர் அடையாளம், வலி குறைந்துவிட்டாலும்.

வீட்டுக்குக் கப்சாயை (சிறு மோட்டார் சைக்கிளை) ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். இடது காலில் கியர், வலது காலில் பிரேக்கும் கிக் ஸ்டார்ட்டும். எந்த முட்டி போயிருந்தாலும் ஆபத்து. யாரையாவது ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள்.